செல்வராணியின் டெண்டுக்கு மூன்று துணிகள்

1. இரண்டு துண்டு

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருக்கும். ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற என் தையல் கடைக்குள் செல்வராணி தொப்பலாக நனைந்து வந்து நின்றாள். முதுகுப் பையைத் திறந்து ஒரு துணிக் குவியலை எடுத்து வெட்டு மேசைமேல் வைத்தாள். நான்கு நாளுக்கு முன்னால் நான் தைத்து, மடித்து, பெருமையாகக் கையில் கொடுத்த டெண்டு அது. இப்போது இரண்டு துண்டாக இருந்தது.

"அண்ணே, ஒங்க டெண்டு பிச்சிக்கிட்டுப் போயிருச்சு" என்றாள். "ஒரு பாதி முள்ளுச் செடியில மாட்டிக்கிட்டு இருந்திச்சு. ஓடிப்போயி எடுத்துக்கிட்டு வந்தேன். ரெண்டு பாதியும் இருக்கு, சரியான்னு பாத்துக்கோங்க."

மனசு கஷ்டப்படுகிற நேரத்திலும் கேலி பண்ணுகிறவள் அவள். அதனாலேயே எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. ஸ்டூலைத் தள்ளிப் போட்டு உட்காரச் சொன்னேன். பிளேன்டீ வாங்கி வந்து கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கிற வரைக்கும் அந்தக் கிழிசலை நான் தொட்டே பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஞானசேகரன். ஊரில் டெண்டு சேகர் என்றால்தான் தெரியும். கொழும்புப் பக்கம் வர்த்தக வலயத்தில், ஏற்றுமதிக்கு டெண்டு தைக்கிற ஒரு பெக்டரியில் பதினாறு வருஷம் வேலை பார்த்தேன். மிஷினில் ஆரம்பித்து, கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர் வரைக்கும் போனேன். அப்புறம் ஊரோடு வந்து இந்தக் கடையைப் போட்டேன். ரெயின்கோட்டு, ஸ்கூல் பேக், ஜிப்பு மாற்றுவது என்றுதான் பிழைப்பு ஓடியது. தோட்டங்களுக்கு ஊடாக நடக்க வெளிநாட்டுக்காரர்கள் வரத் தொடங்கிய பிறகு அவர்களுடைய டெண்டும் பையும் என் மேசைக்கு வந்தன. பழைய தொழில் தானாகத் திரும்பி வந்து சேர்ந்தது.

செல்வராணி பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பன்னிரண்டு வருஷம் கொழுந்து எடுத்தவள். சிங்களம் நன்றாகப் பேசுவாள். இங்கிலீஷை நடக்க வந்தவர்களிடமே கற்றுக்கொண்டாள். டவுனில் ஒரு சின்னக் கம்பனியில் வழிகாட்டியாகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அங்கே அவள் ஒருத்திதான் பெண். அதுவரை ஒருநாள் நடைகள்தான் அவளுக்குக் கொடுத்தார்கள். இப்போது மூன்று நாள் மலைமுகட்டு நடை ஒன்று வந்திருந்தது. அந்த நடையில் அவரவர் டெண்டை அவரவர்தான் சுமக்க வேண்டும், வழிகாட்டி உட்பட. கம்பனி டெண்டு நாலு கிலோ. பன்னிரண்டு வருஷம் தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமந்ததில் செல்வராணியின் கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது. எட்டுக் கிலோவுக்கு மேல் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலுதவிப் பெட்டி, சாப்பாடு, தண்ணீர், போர்வை எல்லாம் போக டெண்டுக்கு என்று அவளால் ஒதுக்க முடிந்தது எழுநூற்றைம்பது கிராம்.

அந்த டெண்டைத்தான் நான் தைத்துக் கொடுத்தேன். ஒத்திகைக்கு அவளுடன் போன கம்பனி மேனேஜர், மாத்தயா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம், அவர் கண்முன்னாலேயே, முந்தின நாள் பட்டப்பகல் மூன்று மணிக்கு, ஒரு கணவாயில் அது கிழிந்தது.

"மாத்தயா என்ன சொன்னாரு?"

"திட்டல. அதுதான் பயமா இருக்கு. அடுத்த ஞாயித்துக்கெழம விட்டு அதுக்கடுத்த ஞாயிறு அதே எடத்துக்கு வாறாராம். காலையில டெண்ட கட்டணுமாம். பொழுது சாயிற வரைக்கும் அது நிக்கணுமாம். நின்னா அந்த மூணு நாள் நட எனக்கு. இல்லாட்டி வேற ஆள அனுப்பிருவாரு."

"அனுப்பினா என்ன? ஒருநாள் நட இருக்குல்ல?"

அவள் கப்பை மேசையில் வைத்தாள். "அது மட்டும் வச்சிக்கிட்டு வீட்ட ஓட்ட முடியல அண்ணே. பாஸ்போர்ட்ட ஏஜென்சியில குடுத்துட்டேன். குவைத்துக்கு. மெடிக்கலுக்கு வா வான்னு போன் பண்றான். இந்த நட கெடச்சா போக மாட்டேன். கெடைக்கலன்னா போகத்தான் வேணும். கவிக்கு இப்பதான் அஞ்சாம் வகுப்பு."

கவி அவளுடைய மகள். புருஷன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறான், மாதத்துக்கு ஒருமுறை வருவான். அவள் குவைத் போனால் பிள்ளை யார் வீட்டிலாவதுதான் வளர வேண்டும். எனக்கு இதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும். தெரியாமலேதான் அந்த டெண்டைத் தைத்திருக்கிறேன்.

2. கண்ணாடித் துணி

கிழிசலை விரித்துப் பார்த்ததும் குற்றவாளி யார் என்று விளங்கிவிட்டது. துணி கிழியவில்லை. என் தையல் கிழித்திருந்தது.

துணி ஹனீபா நானா கடையில் வாங்கியது. டவுனில் பலசரக்கும் துணியும் சேர்த்து விற்கிறவர். பெக்டரிகளில் மிஞ்சுகிற துண்டு ரோல்களை மொத்தமாக எடுத்து வருவார். அதில் ஒரு ரோல், அந்தப் பக்கம் நிற்கிற ஆள் மங்கலாகத் தெரிகிற வெள்ளைத் துணி. நெய்த துணியே இல்லை. இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் நூலைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து அமுக்கியது. கசக்கினால் பிஸ்கட் பேப்பர் மாதிரி சத்தம் போடும்.

"என்ன சேகர், இது துணியா கடதாசியா?" என்று நானா கேட்டார். "வாங்கிப் போட்டு ஆறு மாசம். ஒரு மனுசன் தொட்டுப் பாக்கல்ல."

எனக்கு அது என்னவென்று தெரியும். உலகத்தில் டெண்டுக்கு இதைவிட இலேசான துணி கிடையாது. தண்ணீர் குடிக்காது, இழுத்தால் நீளாது. நானாவின் சீரகத் தராசில் டெண்டு முழுவதையும் வைத்துப் பார்த்தபோது முந்நூற்றெண்பது கிராம்தான் காட்டியது. பெரிய சாதனை செய்துவிட்ட மாதிரி நான் கடை வாசலில் நின்று சிரித்தேன்.

பெக்டரியில் இந்தத் துணிக்கென்று கண்ணாடிச் சுவர் போட்ட தனி அறை ஒன்று இருந்தது. அந்த அறைக்குள் ஊசியே போகாது. துணி சேர்கிற எல்லா இடத்தையும் ஒட்டுநாடா வைத்து அழுத்தித்தான் ஒட்டுவார்கள். பதினாறு வருஷம் அந்தக் கண்ணாடியைத் தாண்டித்தான் சாப்பிடப் போனேன். பார்த்திருக்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை. எனக்குத் தெரிந்தது தையல். பலமாக இருக்கட்டும் என்று நெருக்கமாக, இரண்டு வரிசை ஓட்டினேன். ஊசி போட்ட ஓட்டைகள் வரிசையாக நின்று, தபால் முத்திரைத் தாளைக் கிழிக்கிற மாதிரி காற்று கிழித்துக்கொண்டு போய்விட்டது. இழுக்கிற காற்றுக்குத் துணி கொஞ்சமாவது நெகிழ்ந்து கொடுத்திருந்தாலும் பரவாயில்லை. இது துளியும் கொடுக்காத துணி. மொத்த இழுப்பும் என் ஓட்டைகளில் வந்து நின்றிருக்கிறது.

"ராணி, இது என் தப்பு" என்றேன். "துணி நல்லது. தச்சவன் சரியில்ல."

"அதெல்லாம் இருக்கட்டும் அண்ணே. ஞாயித்துக்கெழமைக்கு என்ன செய்றது?"

ஒட்டுநாடா இங்கே கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நாள் இல்லை. கண்ணாடித் துணியைச் சுருட்டி அலமாரிக்கு மேலே போட்டேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

3. மூக்கில் ஒட்டிய நைலோன்

அடுத்தது எனக்குத் தண்ணீர் பட்ட பாடாகத் தெரிந்த துணி. சிலிக்கன் பூசிய நைலோன். மேசையில் வைத்தால் வழுக்கி வழுக்கிக் கீழே விழும், தைக்கிறவன் உயிரை எடுக்கும். ஆனால் கிழிப்பது லேசு இல்லை. பிளேடால் ஒரு வெட்டுப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் இழுத்தாலும் முறைத்துக்கொண்டு நிற்கும். நல்ல நெகிழ்வும் உண்டு. மூன்று நாளில் தைத்தேன். அறுநூற்றுப் பத்துக் கிராம். என் மனைவி புஷ்பம் மடித்துப் பார்த்துவிட்டு, "இது பாவாடத் துணி மாதிரி இருக்கு. இதுலயா அந்தப் புள்ள படுக்கப் போகுது?" என்றாள். நான் சிரித்துவிட்டு அதைப் பைக்குள் வைத்தேன். தொழில் தெரிந்தவனுக்குத் திமிர் கொஞ்சம் இருக்கும்.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, என் மச்சான் இருக்கிற தோட்ட டிவிஷனில் கொழுந்து நிறுக்கிற ஒரு மடுவக் கொட்டகை உண்டு. இரண்டு மேட்டுக்கு நடுவில் நிற்கிறது. ஆனி, ஆடியில் அங்கே கொழுந்து நிறுக்கிற பெண்கள் முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் நிற்பார்கள். அப்படி ஒரு காற்று. அங்கே சோதித்துப் பார்க்கலாம் என்று வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் போனோம்.

காலை ஒன்பது மணிக்கு வெயில் இருந்தது. அவளுடைய ஊன்றுகோலை நடுவில் நட்டு டெண்டை நிறுத்தினோம். ஒரு கயிற்றை நான் பக்கத்துத் தேயிலைச் செடியில் கட்டப் போனேன்.

"அதுல வேணாம்ணே. இப்பதான் கவாத்து வெட்டியிருக்கு. பட்ட உரிஞ்சிரும்" என்று தடுத்துவிட்டு, ஒரு பாறை இடுக்கில் குச்சியைச் செருகிக் கட்டினாள்.

டெண்டு மேளம் மாதிரி விறைத்து நின்றது. காற்று வந்து மோதியது. துணி உள்ளே வாங்கி வெளியே விட்டது. கிழிசல் இல்லை, தையல் விடவில்லை. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் தோட்டத் துரை நடக்கிற மாதிரி சுற்றிச் சுற்றி நடந்தேன்.

செல்வராணி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டாள். "அண்ணே, நீங்களும் உள்ள வாங்க."

"நான் எதுக்கு? வெளிய நின்னாத்தான் தையல் தெரியும்."

"எத்தன வருசம் டெண்டு தச்சீங்க?"

"பதினாறு."

"ஒரு நாளாவது உள்ள படுத்திருக்கீங்களா?"

படுத்ததில்லை. ஆயிரக்கணக்கில் தைத்திருக்கிறேன். பெக்டரியில் ஒரு பெரிய ஹோல் இருக்கும். கூரைக்குக் கீழே டெண்டை விரித்து, பெரிய பேனைப் போட்டுக் காற்றடித்துச் சோதிப்பார்கள். பாஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள். அந்தக் காற்றில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. டெண்டுக்குள் படுப்பது எங்கள் வேலை இல்லை, அது வாங்குகிறவர்கள் வேலை. அந்த ஹோலில் வேலை பார்த்த யாருமே படுத்திருக்க மாட்டார்கள். மலையில் பிறந்து வளர்ந்த எனக்கு, மலையில் காற்று என்றால் கூடவே மழையும் வரும் என்பது மறந்துபோயிருந்தது.

குனிந்து உள்ளே போனேன். அரை மணி நேரத்தில் பனி வந்தது, பின்னாலேயே தூறல். பதினொரு மணிக்கு நைலோன் தொய்ய ஆரம்பித்தது. விறைப்பாக இருந்த கூரை வயிறு தள்ளிக்கொண்டு கீழே இறங்கியது. நனைந்தால் நைலோன் நீளும். இது எனக்குப் புத்தகத்தில் தெரியும், மூக்கில் வந்து ஒட்டியபோதுதான் உண்மையாகவே தெரிந்தது. தொய்ந்த துணி காற்றில் படபடவென்று அடித்தது. அப்படி அடித்துக்கொண்டே இருந்தால் எந்தத் துணியும் கடைசியில் போய்விடும். நான் வெளியே போய்க் கயிறுகளை இழுத்துக் கட்டிவிட்டு வந்தேன். கால் மணி நேரத்தில் மறுபடி தொய்ந்தது. மறுபடி போனேன். ஏழாவது தடவை நனைந்து திரும்பியபோது அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"மூணு நாளும் நீங்க எங்கூட வந்து கயிறு இழுப்பீங்களாண்ணே?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மூன்று நாள் போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒன்பதே நாள்.

4. டியூப் ரப்பர்

மழை கொஞ்சம் விட்டதும் செல்வராணி பைக்குள் கையை விட்டு ஒரு கறுப்புச் சுருளை எடுத்தாள். சைக்கிள் டியூபை விரல் அகலத்துக்கு வெட்டிய பட்டைகள்.

"இது எதுக்கு?"

"கொழுந்து எடுக்கப் போறப்ப மழைக்கு பொலித்தீன் படங்கு கட்டுவோம்ல. காத்து மாசத்துல எங்க டிவிசன்ல யாரும் அத கயித்துல கட்ட மாட்டோம். கயித்துல கட்டினா ஒரே இழுப்புல மூலைக் காதோட பிஞ்சிரும். இந்த ரப்பர்ல கட்டினா காத்து இழுக்கும், விடும், இழுக்கும், விடும். படங்கு அப்படியே இருக்கும்."

"இது டெண்டும்மா. படங்கு இல்ல. பெக்டரியில டியூப்ப கட்டிக் காட்டினா என்னய வேலைய விட்டே தூக்கியிருப்பாங்க."

"இப்பதான் பெக்டரியில இல்லையே. கட்டிப் பாப்போம்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சரி, கட்டிப் பார், தோற்றுப்போ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் நின்றேன். அவள் ஒவ்வொரு மூலையிலும் டெண்டுக்கும் கயிற்றுக்கும் நடுவில் ஒரு ரப்பரைப் போட்டு, பாதி நீளத்துக்கு இழுத்துக் கட்டினாள். தொய்ந்திருந்த துணியை ரப்பர் தானாக இழுத்துப் பிடித்தது. பெரிய காற்று ஒன்று வந்தது. ரப்பர் ஒரு சாண் நீண்டது, திரும்பி வந்தது. துணியில் அந்தப் படபடப்புப் பாதியாகக் குறைந்தது.

நைலோனின் தொய்வு மொத்தமாகப் போகவில்லை. மணிக்கு ஒருமுறை இழுத்துக் கட்டத்தான் வேண்டியிருந்தது. ஆனால் என் மண்டைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. காற்றுக்கு நெகிழ்ந்து கொடுக்கத்தானே நைலோனைத் தேடிப் போனோம்? அந்த வேலையை ரப்பர் பார்த்துக்கொண்டால் துணி நெகிழ வேண்டியதே இல்லையே. நனைந்தாலும் நீளாத துணியாக இருந்தால் போதும்.

"ராணி, நானா கடைக்குப் போவோம்" என்றேன்.

"மொதல்ல சாப்புடுவோம்ணே. ரொட்டியும் சம்பலும் கொண்டாந்திருக்கேன்."

மடுவத்துக்குள் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவ்வளவு ருசியான ரொட்டியை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் சாப்பிட்டதில்லை.

5. கத்தரிப்பூ நிறம்

நனைந்தாலும் நீளாதது பொலியெஸ்டர். நைலோனைப் போலவே சிலிக்கன் பூசியது நானாவிடம் ஒரே ஒரு ரோல் இருந்தது, நல்ல கத்தரிப்பூ நிறத்தில்.

"வேற கலர் இல்லையா நானா?"

"சேகர், இது புடவைக் கடையா? காத்துக்குக் கலர் தெரியுமா? கொண்டு போங்க."

இந்தத் தடவை பேச்சை நம்பவில்லை. நைலோனில் ஒரு பட்டை, பொலியெஸ்டரில் ஒரு பட்டை, இரண்டையும் ஒரே நீளத்துக்கு வெட்டிக் கடை உத்தரத்தில் தொங்கவிட்டேன். நானாவின் தராசுப் படிக்கற்களைக் கடன் வாங்கி நுனியில் கட்டினேன். புஷ்பம் செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற போத்தலால் காலையிலிருந்து மத்தியானம் வரை தெளித்துக்கொண்டே இருந்தேன். நைலோன் இரண்டு விரல் இறங்கியது. பொலியெஸ்டர் அசையவில்லை என்றே சொல்லலாம். சட்டை வாங்க வந்த ஒருவர், சேகருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று புஷ்பத்திடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.

பிறகு பிளேடால் வெட்டி இழுத்துப் பார்த்தேன். இதில் பொலியெஸ்டர் தோற்றது. நைலோன் முறைத்து நின்ற இடத்தில் இது சர்ரென்று போனது. குறை இல்லாத துணி கிடையாது. எந்தக் குறையை நம்மால் சமாளிக்க முடியும் என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். நனைந்து நீளுகிற துணியை மலையில் நின்றுகொண்டு யாராலும் திருத்த முடியாது. மூலையில் கிழிகிற துணியை என்னால் கடையிலேயே திருத்த முடியும். மூலைகளில் மூன்று அடுக்கு ஒட்டுப் போட்டேன். தையலை இடைவெளி விட்டுப் போட்டேன், ஓட்டைகளை சிலிக்கன் பூசி அடைத்தேன். ஓரங்களை நேராக வெட்டவில்லை. சுவரில் இரண்டு ஆணி அடித்து நூலைத் தொங்கவிட்டு, துணி காயப்போடுகிற கொடி எப்படி வளையுமோ அந்த வளைவைப் பேப்பரில் எடுத்து வெட்டினேன். அப்படி வெட்டினால் இழுத்துக் கட்டும்போது நடுவில் தொய்வு விழாது, காற்று பிடித்து அடிக்க இடம் இருக்காது.

ரப்பரையும் தைத்தேன். ஆனால் ஒவ்வொரு ரப்பருக்கும் பக்கத்தில், ஒரு சாண் தளர்வாக, ஒரு கயிற்றையும் சேர்த்துக் கட்டினேன்.

"இது எதுக்குண்ணே? ரப்பர்தான் இருக்கே" என்றாள் செல்வராணி.

"என் கொணம். எதுன்னாலும் ரெட்டையா போட்டுத்தான் பழக்கம். இருந்துட்டுப் போகட்டும்."

சீரகத் தராசில் அறுநூற்றுத் தொண்ணூறு. அவளுடைய கணக்குக்குள் அறுபது கிராம் மிச்சம்.

6. மாத்தயாவின் ஞாயிற்றுக்கிழமை

நானும் போனேன். மூட்டுவலிக்காரன், மூன்று மணி நேர ஏற்றம், நான்கு இடத்தில் உட்கார்ந்து எழுந்துதான் போய்ச் சேர்ந்தேன். மாத்தயா என்னைப் பார்த்துவிட்டு, தைத்தவரே வந்திருக்கிறீர்களா, அப்படியானால் உள்ளேயும் நீங்களே இருங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். கத்தரிப்பூ நிறத்தைப் பார்த்துச் சிரித்தார். மற்றபடி நல்ல மனுஷன். அவர் கவலை நியாயமானது. நடக்க வந்தவர்களை நம்பி ஒப்படைக்கிற வழிகாட்டி, தன் டெண்டு பறந்து நனைந்து விறைத்துக் கிடந்தால் அவர்களை யார் பார்ப்பது?

காலை ஒன்பதரைக்கு செல்வராணி தனி ஆளாகக் கட்டினாள். நான் உள்ளே உட்கார்ந்தேன். பதினொரு மணிக்கு மழை. பன்னிரண்டுக்குக் காற்று திசை மாறிப் பள்ளத்திலிருந்து மேலே ஏறி வந்தது. கூரை தலைக்கு மேலே அதே உயரத்தில் நின்றது. ஒவ்வொரு காற்றுக்கும் ரப்பர் நீண்டு சுருங்குவதை உள்ளே இருந்தே என்னால் உணர முடிந்தது. பெக்டரியில் நான் ஒட்டிய ஸ்டிக்கர்களை எல்லாம் நினைத்துக்கொண்டேன். எத்தனை பேர், எந்தெந்த ஊர் மலையில், என் டெண்டு மூக்கில் ஒட்டிக்கொண்டு முழித்திருந்தார்களோ!

இரண்டு மணி இருக்கும். காற்றுப் பக்கத்து மூலையில் டப் என்று ஒரு சத்தம். அந்த மூலை ஆடிப்போனது. ரப்பர் அறுந்துவிட்டது. குவைத், கவி, அஞ்சாம் வகுப்பு எல்லாம் ஒரே நொடியில் கண்முன்னால் வந்து போயின. முழங்காலில் எழும்பிக் கூரையைக் கையால் பிடிக்கப் போனேன்.

"அண்ணே, தொடாதீங்க!" வெளியிலிருந்து செல்வராணியின் குரல். "நிக்கிது. கயிறு புடிச்சிக்கிருச்சு."

தளர்வாகக் கிடந்த அந்த இரண்டாவது கயிறு. ஒரு சாண் பின்வாங்கி, அங்கேயே டெண்டைப் பிடித்து நிறுத்திவிட்டது. அவள் ஓடவில்லை, பதறவில்லை. காற்றுக்கு முதுகைக் காட்டிக் குத்த வைத்து உட்கார்ந்து, பல்லால் ஒரு புது ரப்பரைக் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள். மாத்தயா தன் டெண்டு வாசலில் இருந்து அவளை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் டெண்டைப் பார்க்கவே இல்லை.

பொழுது சாய்ந்ததும் எழுந்து வந்தார். ஒரு மூலையைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். "ஹரி, ராணி" என்றார், சிங்களத்தில் சரி என்று. அவ்வளவுதான். செல்வராணி தலையை ஆட்டிவிட்டு டெண்டை மடிக்க ஆரம்பித்தாள். மடித்து முடித்து, அதை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மழைத் தண்ணீர்தான் என்று நானும் மாத்தயாவும் வேறு பக்கம் பார்த்தோம்.

7. மிச்சத் துணி

இப்போது டெண்டும் பையும் தைக்கக் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் ஊரில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். எந்தத் துணி நல்லது என்று கேட்கிறார்கள். யார் சுமக்கப் போகிறார்கள், எந்தக் காற்றில், எந்த மழையில் என்று முதலில் கேளுங்கள். இலேசான துணி வேண்டும், ஒட்டத் தெரியும் என்றால் கண்ணாடித் துணி. காய்ந்த காற்றுக்கு நைலோன். நம் மலைக்கு, நனைந்துகொண்டே வீசுகிற காற்றுக்கு, நான் பொலியெஸ்டரைத்தான் எடுப்பேன், மூலையில் ரப்பரோடு. வெயில் பட்டால் ரப்பர் வெடிக்கும், மாதம் ஒருமுறை மாற்றுங்கள். அப்புறம், தைத்ததைக் கொடுப்பதற்கு முன்னால் மழை நாளாகப் பார்த்து அதற்குள் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். நான் அதைச் செய்ய ஐம்பத்தேழு வயது ஆகியிருந்தது, அதுவும் ஒரு பெண் கேட்டதால்.

அடுத்த மாதம் அந்த மூன்று நாள் நடை முடிந்து, வியாழக்கிழமை மத்தியானம் செல்வராணி கடைக்கு வந்தாள். முகம் கறுத்து, உதடு வெடித்து, சிரித்துக்கொண்டு வந்தாள். இரண்டு நாள் நல்ல காற்றாம். கூட வந்தவர்களில் ஒருத்தரின் டெண்டு வளைந்துபோனதாம், இவள் போய் ரப்பர் கட்டிக் கொடுத்தாளாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, என் வெட்டு மேசைமேல், அன்றைக்குக் கிழிசலை வைத்த அதே இடத்தில், ஒரு பாஸ்போர்ட்டை வைத்தாள்.

"அண்ணே, அந்தக் கத்தரிப்பூ துணியில மிச்சம் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"இதுக்கு ஒரு ஒற தச்சுக் குடுங்க. தண்ணி போகக் கூடாது."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். "எப்ப கெளம்புற?" என்று கேட்டேன்.

"எங்க கெளம்புறது? ஏஜென்சியிலருந்து இப்பதான் திருப்பி வாங்கிக்கிட்டு வாறேன். இனி இது அலமாரிக்குள்ளதான் கெடக்கப் போகுது. எங்க லயத்து வீட்டுக் கூர ஒழுகும்ல, அதான்."

அங்கேயே உட்கார வைத்துத் தைத்துக் கொடுத்தேன். இரட்டைத் தையல்தான் போட்டேன். அவள் பார்த்துவிட்டு, "ஒங்க கொணம்" என்று சிரித்தாள்.